பாய்மரப் படகில் முதல் நாள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகுக் கழகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் பாய்மரப் படகு நாளுக்கு வருகிறவர்களுள் பெரும்பாலோர் நீரின் ஆழத்தைத்தான் விசாரிக்கிறார்கள். காற்றைப் பற்றிக் கேட்பவர் அரிது. அன்று நேரும் தவறுகளுள் பல இந்தக் கவனக்குறைவிலிருந்தே கிளைக்கின்றன.

கரையில் நின்று பார்த்துவிட்டு, நீர் அமைதியாக இருப்பதாக முடிவு செய்வது அவற்றுள் முதலாவது. காற்று நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசும்போது கரையோரத்தில் அலை பெரிதாக எழாது. சற்றுத் தொலைவு சென்றபின்தான் அதன் வேகம் புலப்படும், அதற்குள் அதே காற்று படகைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளத் தொடங்கியிருக்கும். காற்றின் வேகம் 10 ‘நாட்’ (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவிலிருந்து 20 ‘நாட்’ அளவுக்கு, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டரிலிருந்து 37 கிலோமீட்டராக உயர்ந்தால், பாயின் மீது விழும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். ஆகவே, பொறுப்பாளர் பயணத்தைத் தள்ளிவைக்கும்போது, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவரிடம் வாதாடுவதில் பொருளில்லை.

படகு சாயத் தொடங்கியதும் பாயின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வது அடுத்த தவறு. அச்சத்தில் எவருக்கும் கை அப்படித்தான் இறுகும். ஆனால், கயிறு இறுக இறுகப் பாய் காற்றை மேலும் வாங்கிப் படகை இன்னும் சாய்க்கும். கயிற்றைத் தளர்த்தினால் பாய் காற்றை இழந்து படபடக்கும், படகும் நிமிரும். அந்த ஓசை புதியவர்களை மிரட்டுவது உண்மையே என்றாலும், பாய் வலுவிழந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டவரால் இவ்வாறு உடனே விட முடியாது.

பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் ‘பூம்’ என்ற தண்டு, படகு திசை மாறும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிச் செல்லும். பின்னாலிருந்து காற்று வரும்போது அது எச்சரிக்கையின்றியே பாய்ந்துவிடும். படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பவரின் தலை பெரும்பாலும் அதன் பாதையில்தான் இருக்கும்.

உடை விஷயத்தில், ஈரத்தைத் தேக்கிவைக்கும் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. உயிர்காப்பு அங்கியின் பட்டைகளைப் பூட்டாமல் தோளில் மாட்டிக்கொள்வதும், அதை அணியாததும் ஏறத்தாழ ஒன்றே; நீரில் விழுந்ததும் அங்கி மேலேறி, ஆள் கீழே நழுவுவார்.

படகு கவிழ்ந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தாம் கரையை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். நீரின்மேல் தெரியும் தூரம் கண்ணை ஏமாற்றும். சிறிய பயிற்சிப் படகுகள் கவிழ்ந்தாலும் மிதக்கும்படி கட்டப்படுபவை. மீட்புப் படகில் வருபவருக்கு அலைகளிடையே தனித்து அலையும் ஒரு தலையைவிட, கவிழ்ந்து கிடக்கும் படகும் அதைப் பற்றியிருக்கும் ஆளும் எளிதில் தென்படுவார்கள்.