பழைய கம்ப்யூட்டருக்கு எந்த ஓஎஸ்? பென்டிரைவில் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றவும் முடியும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதனால் பழைய மெஷினுக்கு வேறு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுவது எப்படி என்று பார்ப்போம்.

1. மெஷினில் என்ன இருக்கிறது?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போங்கள். ரேம் எத்தனை ஜிபி என்று குறித்துக்கொள்ளுங்கள். 'சிஸ்டம் டைப்' வரியைக் கடைசிவரை படியுங்கள். '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்று இருந்தால் விண்டோஸ்தான் 32 பிட். பிராசஸர் 64 பிட். பலர் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் 32 பிட் ஓஎஸ் தேடி அலைகிறார்கள்.

அடுத்து, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க் என்றால் எந்த ஓஎஸ் போட்டாலும் மெதுவாகத்தான் திறக்கும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, புது ஓஎஸ்ஸை அதில் போடுங்கள். கழற்றிய டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள். ஏதாவது சொதப்பினால் திருப்பி மாட்டினால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே வந்துவிடும்.

2. எதை எடுப்பது?

4 ஜிபி ரேம், 64 பிட் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸின் எக்ஸ்எஃப்சிஇ (எளிய திரை கொண்ட) பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி இருந்தால் அதன் சின்னமன் பதிப்பு.

2 ஜிபி ரேமோ, நிஜமாகவே 32 பிட் பிராசஸரோ என்றால் ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸ். 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்து, பிரவுசர் வேலை மட்டும்தான் என்பவர்களுக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸும் சரிவரும். ஆனால் அதில் பிளே ஸ்டோர் கிடையாது.

'லைட்' ஓஎஸ் என்று பெரிதாக நம்ப வேண்டாம். ஓஎஸ் மிச்சம் பிடிக்கும் ரேமை பிரவுசரின் நாலைந்து டேப்கள் விழுங்கிவிடும்.

3. பென்டிரைவ் தயாரிப்பு

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டவுன்லோட் செய்த ஓஎஸ்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது (அதிலிருந்து மெஷின் தொடங்காது). ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் எழுத வேண்டும். ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை கேட்கும்: புது வகைத் தொடக்க முறையான யூஇஎஃப்ஐ உள்ள மெஷினுக்கு ஜிபிடி, பழைய முறையான லெகசி பயோஸுக்கு எம்பிஆர்.

4. பூட் செய்வது

ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸ், ஷட்டவுனில் முழுதாக அணைவதில்லை. திரை இருண்டதும் பூட் மெனு கீயை விட்டுவிட்டுத் தட்டுங்கள்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. வரும் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

5. இன்ஸ்டால் செய்யும் முன்

மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள், பென்டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தித் திறந்து, தூக்கத்திலிருந்து எழுகிறதா பாருங்கள். பழைய மெஷின்கள் அதிகம் தகராறு செய்வது இங்கேதான். பிராட்காம் வைஃபை சிப் உடனே வேலை செய்யாமல் போகலாம். மொபைலை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (மொபைல் இணையத்தைப் பகிர்ந்து), மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் டிரைவர் கிடைத்துவிடும்.

6. இன்ஸ்டால்

டாக்குமெண்ட்ஸோடு டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஆகியவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவும் வழிதான் புதியவர்களுக்குச் சுலபம். எந்த டிஸ்க் என்று கேட்கும்போது அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பென்டிரைவும் நிற்கலாம்.

புது ஓஎஸ்ஸில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வருகிறதா? ஓஎஸ்ஸைத் திட்டும் முன் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால், பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும்.