எடை கூடாமல் பாதாம், அக்ரூட் சாப்பிடுவது எப்படி?

100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி இருக்கிறது, அக்ரூட்டில் 650. இந்த எண்களைப் பார்த்து மிரண்டு, எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் ஒதுக்குவது இவற்றைத்தான். ஆனால், பல மாதங்கள் நீடித்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், தினமும் ஒரு கைப்பிடி சாப்பிட்டவர்களுக்கு எடை கூடிவிடவில்லை. அதற்குச் சில காரணங்களும் ஒரு முக்கியமான நிபந்தனையும் உண்டு. நிபந்தனையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எதை விடப் போகிறீர்கள்?

பாதாம் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, அதன் மேல் ஒரு கைப்பிடி பாதாமையும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 170 கலோரி கூடுதலாக உள்ளே போகும். பசி அடங்குவதால் அதில் ஒரு பகுதியை அடுத்த வேளையில் உடல் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும்; முழுவதையும் அல்ல. எனவே மாலை நேர பிஸ்கட், சிப்ஸ், இனிப்பு ஆகியவற்றில் ஒன்றை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் இதைச் சாப்பிடுங்கள். மைதாவும் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் போய், நிறைவுறாக் கொழுப்பும் நார்ச்சத்தும் புரதமும் வருகின்றன. கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் குறைவதற்கு முக்கியக் காரணமே இந்த மாற்றம்தான். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் “பாதாம் சாப்பிட்டு எடை போட்டுவிட்டேன்” என்று பிறகு வருந்துகிறார்கள்.

படி 2: ஒரு முறையாவது நிறுத்துப் பாருங்கள்

ஒரு நாளுக்கு 30 கிராம் போதும். பாதாம் என்றால் சுமார் 23 முதல் 25 வரை, முந்திரி என்றால் 18 அல்லது 19, அக்ரூட் என்றால் ஏழு முழுப் பருப்பு. கைப்பிடி ஆளுக்கு ஆள் மாறும். சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவு கொள்ளும் சிறு கிண்ணத்தைத் தேர்ந்துகொண்டால் பிறகு தராசு தேவைப்படாது. பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க வேண்டாம்.

ஸ்பெயினில் இதய நோய் அபாயம் மிகுந்த 7,400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வில் ஒரு குழுவுக்குக் கொடுத்ததும் தினம் 30 கிராம்தான்: பாதி அக்ரூட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். 2013-இல் வெளியான அந்தக் கட்டுரை, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் இருந்த குறைகளால் திரும்பப் பெறப்பட்டு, மறு கணக்கீட்டுக்குப் பின் 2018-இல் மீண்டும் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து, ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தன என்ற முடிவு பெரிதாக மாறவில்லை. அவர்களுக்குக் கலோரிக் கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆனால் முழு உணவு முறையே மாறியிருந்தது. பெருமை முழுவதையும் அக்ரூட்டுக்கே கொடுத்துவிட முடியாது.

படி 3: வாங்குவது

உப்பும் சர்க்கரையும் சேர்க்காதது. பச்சையாகவோ எண்ணெயின்றி வறுத்ததாகவோ இருக்கலாம். விலை உறுத்தினால் நிலக்கடலை தாராளமாகப் போதும். பூஞ்சை பிடித்தது, கசப்பது எதுவானாலும் குப்பைக்குத்தான். பூஞ்சையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுவதும் போகாது. பிரேசில் நட் மட்டும் நாளுக்கு ஒன்றோடு நிற்கட்டும், அதில் செலினியம் என்ற தாது மிக அதிகம்.

படி 4: முழுதாகச் சாப்பிடுங்கள், மென்று சாப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாம் சாப்பிட்டவர்களின் மலத்தையும் சிறுநீரையும் சேகரித்து, உடல் உண்மையில் எடுத்துக்கொண்ட ஆற்றலைக் கணக்கிட்டார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி என்று எழுதியிருந்த இடத்தில், உடலுக்குக் கிடைத்தது 129 மட்டுமே. அக்ரூட்டிலும் 185-க்குப் பதில் 146. பிஸ்தாவில் வித்தியாசம் சொற்பம்தான். கெட்டியான செல்சுவருக்குள் அடைபட்ட கொழுப்பின் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

அரைத்துவிட்டால் இந்தத் தள்ளுபடி கிடையாது. பாதாம் வெண்ணெயாக அரைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கலோரி முழுசாகவே கிடைத்தது. அதற்காக அரைகுறையாக மென்று விழுங்க வேண்டாம். கொழுப்பு கூடுதலாக வெளியேறும் என்பது உண்மை; ஆனால் நன்றாக மென்றவர்களுக்குத்தான் பசி நீண்ட நேரம் அடங்கியிருந்தது. எடை விஷயத்தில் பசி அடங்குவதே பெரிய லாபம்.

படி 5: நேரம்

மாவுச்சத்து மிகுந்த உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால், அந்த உணவுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். மற்றபடி இரவா பகலா, ஊற வைத்தா வைக்காமலா என்பதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

யார் தொடங்கக் கூடாது?

ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. சிறுநீரக நோயாளிகளும் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

படி 6: மூன்று மாதம் கழித்து அளந்து பாருங்கள்

தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), எல்டிஎல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில், அதேபோல் வெறும் வயிற்றில் மீண்டும் பாருங்கள். எல்டிஎல் சில புள்ளிகள் இறங்கலாம். இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையான இன்சுலின் எதிர்ப்பு ஓரளவு தளரலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அநேகமாகப் பெரிதாக அசையாது. அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள், எண்கள் இறங்கியதைக் கண்டு தாங்களாகவே மாத்திரையைக் குறைக்காமல், இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.