பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸ் மின்ட்: சிக்குவது பார்ட்டிஷனில்தான்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கோர் 2 டுவோ, முதல் தலைமுறை ஐ3 மெஷின்கள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களிலும் இந்த மாதிரி மெஷினில்தான் இன்னும் பில் ஓடுகிறது. டாலியும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருக்கிறவரை விண்டோஸை அழிக்க முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு, மெயில், இன்டர்நெட், டைப்பிங் வேலைக்கு லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பக்கத்தில் போடலாம். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பையே எடுங்கள். சினமன் பதிப்பு அழகுதான், ஆனால் 4 ஜிபி ராமில் வேண்டாம். ப்ராசஸர் 64-பிட்டாக இருப்பது கட்டாயம்.

பேக்கப் எடுக்காமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள்.

இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிப்பதற்கு முன்னால்

விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'பயாஸ் மோடு' என்ற வரியைப் பாருங்கள் (பயாஸ் என்பது மெஷினை முதலில் எழுப்பும் போர்டு மென்பொருள்). ஜி31, ஜி41 சிப்செட் மதர்போர்டுகளில் 'லெகசி' என்றுதான் இருக்கும். எச்61 போர்டுகளில் 'லெகசி', 'யுஇஎஃப்ஐ' இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறதோ அதே மோடில்தான் மின்ட்டையும் போட வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டும் தனித்தனியாக பூட் ஆகும், ஆனால் கிரப் (எதை பூட் செய்வது என்று கேட்கும் மின்ட்டின் பூட்லோடர்) மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது.

அடுத்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. விண்டோஸ் போடும்போதே சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற சின்னத் துண்டையும் சேர்த்தால் நான்கு ஆயிற்று. நான்கும் அடர்நீலப் பட்டையாக இருந்தால் எல்லாமே பிரைமரி என்று அர்த்தம். பச்சைக் கட்டம் தெரிந்தால் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல 'லாஜிக்கல்' பார்ட்டிஷன் வைக்கும் பெட்டி) இருக்கிறது, கவலையில்லை.

நான்கும் பிரைமரியாக இருக்கும்போது டி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்தாலும், மின்ட் இன்ஸ்டாலர் அந்த இடத்தை 'அன்யூஸபிள்' என்றே காட்டும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐந்தாவது பார்ட்டிஷனை எழுத அட்டவணையில் வரி இல்லை, அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தில் விண்டோஸிலிருந்தே புது வால்யூம் உருவாக்கப் பார்த்தால், 'டைனமிக் டிஸ்காக மாற்றவா?' என்று ஒரு பெட்டி வரும். அதில் 'யெஸ்' கொடுத்தால் கதை கந்தல். டைனமிக் டிஸ்கில் மின்ட்டைப் பக்கத்தில் போட முடியாது; பழையபடி பேசிக் டிஸ்காக மாற்ற விண்டோஸ் தரும் ஒரே வழி எல்லா வால்யூமையும் அழிப்பதுதான்.

சரியான வழி இது: இ டிரைவில் இருப்பதை டி-க்கு மாற்றுங்கள், இ-யை 'டெலீட் வால்யூம்' செய்யுங்கள், அந்த இடத்தை 'அன்அலோகேட்டட்' ஆகவே விட்டுவிடுங்கள். விண்டோஸில் வேறு எதுவும் உருவாக்க வேண்டாம். மின்ட்டுக்கு 40 ஜிபி தாராளம்.

நான்கு பிரைமரி சிக்கல் இல்லாமல், ஒரு டிரைவை வெறும் சுருக்குவதே போதும் என்றால், முதலில் 'எரர் செக்கிங்' ஓட்டிவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளிலும், ஏற்காட்டில் சித்திரை வைகாசி இடிமழை நேரத்திலும் இதில் கை வைக்காதீர்கள். பார்ட்டிஷன் நகரும்போது கரன்ட் போனால் ஃபைல் சிஸ்டமே உடையும். பழைய யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடமாவது தாங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நிற்கும், மின்ட்டிலிருந்து டி டிரைவில் எதையும் எழுத முடியாது.

பென்டிரைவும் பூட்டும்

மின்ட்டின் இன்ஸ்டால் ஃபைல் (ஐஎஸ்ஓ) சுமார் மூன்று ஜிபி. மலை மேல் சிக்னலை நம்பாமல் சேலத்திலேயே இறக்கிக்கொண்டு, செக்சம் (ஃபைல் சிதையாமல் இறங்கியதைச் சரிபார்க்கும் எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதைப் பென்டிரைவில் எழுத ரூஃபஸ் மென்பொருள் போதும், 'எம்பிஆர்' தேர்வு செய்யுங்கள். அதே வேலைக்கான வென்டாய் வசதியானது, ஆனால் பழைய பயாஸில் சில போர்டுகள் அதோடு முரண்டு பிடிக்கும். 8 அல்லது 16 ஜிபி பென்டிரைவைப் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். கேபினட் முன்பக்க வயர்களை நம்ப வேண்டாம்.

பூட் மெனுவுக்கு, மெஷின் ஆன் ஆனதும் அழுத்த வேண்டிய கீ: கிகாபைட் போர்டில் எஃப்12, ஆசஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, இன்டெல் போர்டில் எஃப்10. எச்61-இல் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றில் மட்டும் 'யுஇஎஃப்ஐ' என்று முன்னால் இருக்கும். லெகசி மெஷினுக்கு அந்த முன்னொட்டு இல்லாததைத் தேர்வு செய்யுங்கள். பயாஸுக்குள் நுழைந்தால் சாட்டா மோடை (போர்டு ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறை) மட்டும் மாற்றாதீர்கள். ஐடிஇ-யை ஏஹெச்சிஐ ஆக்கினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

இன்ஸ்டால்

'அலாங்சைடு' ஆப்ஷனைத் தவிர்த்து 'சம்திங் எல்ஸ்' எடுங்கள். எந்த டிரைவைச் சுருக்குவது என்று இன்ஸ்டாலர் தானே முடிவு செய்வதைவிட நாமே சொல்வது நல்லது. காலி இடத்தில் பிளஸ் அழுத்தி, வகை லாஜிக்கல், ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட்டில் ஒற்றைச் சாய்கோடு (/). ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) பார்ட்டிஷன் தேவையில்லை, ஸ்வாப் ஃபைல் தானாக உருவாகும்.

அதே திரையின் அடியில் பூட்லோடர் எங்கே எழுத வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கே ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டும், அதுவும் முழு டிஸ்க், எண் ஒட்டிய பார்ட்டிஷன் அல்ல. எஸ்டிஏ என்றால் ஹார்ட் டிஸ்க், எஸ்டிபி என்றால் பென்டிரைவ் என்று மனப்பாடமாக நம்ப வேண்டாம். சில போர்டுகளில் பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். பக்கத்தில் உள்ள அளவைப் பாருங்கள்: 500 ஜிபியா, 16 ஜிபியா?

தவறிப்போனால் அடையாளம் எளிது. பென்டிரைவ் செருகியிருந்தால் மின்ட் வரும், எடுத்தால் நேராக விண்டோஸ் வரும். மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பென்டிரைவிலிருந்து ஓடும் (லைவ்) மின்ட்டின் மெனுவில் உள்ள 'பூட் ரிப்பேர்' போதும், நெட் இணைப்பு மட்டும் வேண்டும்.

முடிந்தபின்

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மின்ட் போர்டு கடிகாரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. மின்ட் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் சரியாகும். வருஷமே தப்பாக வந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. அது செத்தால் பயாஸ் செட்டிங்கும் அழிந்து, சாட்டா மோடு தானே மாறி, மேலே சொன்ன நீலத்திரை மறுபடி வரலாம். ஆகவே புது பேட்டரியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

தமிழ்99 கீபோர்டு வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) பேக்கேஜைப் போடுங்கள்.

பிறகு சேர்த்தது

பழைய என்விடியா கார்டு உள்ள மெஷினில் லைவ் திரை கறுப்பாகவே நின்றால், மின்ட் பென்டிரைவின் தொடக்க மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' எடுங்கள். இன்ஸ்டால் பாதியில் உறைந்தால் ராமைக் கழற்றி, தங்கநிறக் காலை அழிரப்பரால் தேய்த்துப் போடுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தின் ஈரத்தில் அந்தக் கால்கள் சீக்கிரம் மங்கும்.

தனி எஸ்எஸ்டி வாங்க முடிந்தால் மேலே சொன்ன பார்ட்டிஷன் தலைவலியே இல்லை. விண்டோஸ் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மின்ட்டைப் போடுங்கள், பிறகு கேபிளை மாட்டி பூட் மெனுவில் மாறிக்கொள்ளுங்கள். சாட்டா டேட்டா கேபிள் ஒன்று வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்றால் மோலெக்ஸ்-சாட்டா கன்வர்ட்டரும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.