கேம் ஆஃப் லைஃபில் அபூர்வமான அசையா வடிவங்களைத் தேடுவது எப்படி?

கட்டங்களில் உள்ள செல்கள் அண்டைச் செல்களைப் பொறுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை பிறந்தும் இறந்தும் மாறுவதுதான் கான்வேயின் கேம் ஆஃப் லைஃப்; அதில் எத்தனை தலைமுறை போனாலும் மாறாமல் நிற்பவை அசையா வடிவங்கள். அவற்றில் பெரிய வடிவம்தான் அபூர்வம் என்று நினைத்துத் தேடத் தொடங்காதீர்கள். 8 செல் கொண்ட பாண்ட் என்ற அசையா வடிவம் அடிக்கடி கண்ணில் படும், ஆனால் 7 செல்தான் உள்ள ஈட்டர் அத்தனை சுலபமாகக் கிடைக்காது. செல்களின் கலவரம் அடங்கும்போது எந்த வடிவத்தில் போய் விழ வழி அதிகம் என்பதுதான் கணக்கு. வரிசையாக 4 செல் வைத்துப் பாருங்கள், இரண்டே தலைமுறையில் பீஹைவ் என்ற அசையா வடிவம் ஆகிவிடும். அதனால்தான் பீஹைவ் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது.

சரி, இந்த விளையாட்டை ஓட்டும் கோலி மென்பொருளை இறக்கிக்கொண்டு, 16க்கு 16 கட்டம் தேர்வு செய்து, எடிட் மெனுவில் ரேண்டம் ஃபில் கொடுத்து ஓட விடுங்கள். ஓடிப்போகும் கிளைடர்களையும் கண்சிமிட்டும் பிளிங்கர்களையும் தவிர வேறு எதுவும் மாறாத நிலை வரும்வரை பொறுமை வேண்டும், ஏனென்றால் 5 செல்லில் தொடங்கும் ஆர்-பென்டோமினோவே அடங்க 1103 தலைமுறை எடுக்கிறது. அது அடங்கியபின் எஞ்சும் சாம்பலில் 8 பிளாக் (2க்கு 2 சதுரம்), 4 பீஹைவ், 4 பிளிங்கர், 6 கிளைடர், அப்புறம் போட், லோஃப், ஷிப் ஒவ்வொன்று. அபூர்வமானது ஒன்றுகூட இல்லை! உங்களுக்கும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இவற்றைக் கண் தானாகத் தாண்டிப்போகப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதிதாக ஒன்று மாட்டினால் கையாலேயே சோதியுங்கள். உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றியுள்ள 8 கட்டங்களில் 2 அல்லது 3 அண்டைச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், இறந்த எந்தச் செல்லுக்கும் சரியாக 3 இருக்கக் கூடாது, இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறந்துவிடும். ஈட்டரையே போட்டுப் பாருங்கள்: முதல் வரிசையில் 1, 2ஆம் கட்டங்கள், இரண்டாவதில் 1, 3, மூன்றாவதில் 3 மட்டும், நான்காவதில் 3, 4. இரண்டாவது வரிசையின் 2ஆம் கட்டத்தைச் சுற்றி 5 பேர் இருப்பதால் அங்கே எதுவும் பிறக்காது. சரியான கோணத்தில் வரும் கிளைடரை விழுங்கிவிட்டு இது பழையபடி நிற்பதை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள், அவ்வளவு அழகு.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். ஒரு கட்டம் இடைவெளியில் இரண்டு பிளாக் நின்றால் 8 செல் கொண்ட புது வடிவம் மாதிரியே தெரியும். ஒன்றை அழித்துப் பாருங்கள். மற்றது அப்படியே நின்றால் அது ஒட்டி நிற்கும் இரண்டு சாதாரண வடிவங்கள்தான்.

கையால் தேடி அலுத்துவிட்டால் ஆடம் கௌச்சர் எழுதிய ஏபிஜிசர்ச் என்ற தேடல் நிரலை ஓட விடலாம், கிடைப்பதைக் கேட்டகோலு என்ற இணையத் தொகுப்பில் அதுவே சேர்த்துவிடும். அதில் சமச்சீர் சூப்புகளையும் (சூப் என்றால் இப்படித் தாறுமாறாக நிரப்பிய தொடக்கக் கட்டம்) முயன்று பாருங்கள், சாதாரண சூப்பில் எட்டிப் பார்க்காத பல வடிவங்கள் அங்கேதான் வருகின்றன.