கார் ஏறினாலே வாந்தி எடுக்கும் நாயைப் பழக்குவது எப்படி?

காரில் நாய் வாந்தி எடுத்தால், முதலில் பார்க்க வேண்டியது எச்சில் எப்போது ஒழுகத் தொடங்குகிறது என்பதை. வண்டி ஓடிக் கொஞ்ச நேரம் கழித்து என்றால் அது காதுப் பிரச்சினை. குட்டிகளுக்கு உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் பகுதி முழுதாக வளர்ந்திருக்காது. பல குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். நிற்கும் காரைப் பார்த்ததுமே ஒழுகினால் அது பயம். காரில் ஏற்றிப் போனதெல்லாம் ஊசி போடத்தான், போகிற வழியெல்லாம் குமட்டல் என்றால் பயம் வராமல் என்ன செய்யும்? இதற்கு மாத்திரை மட்டும் போதாது.

பயத்தைப் போக்க, ஓடாத காரிலிருந்து தொடங்குங்கள். கதவுகளைத் திறந்து வைத்து, எஞ்சினை அணைத்து, பின் சீட்டில் பிடித்த தின்பண்டத்தைச் சின்னத் துண்டுகளாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அது தானாக ஏறி உட்காரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு கதவை மூடி, பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிறகு தெருமுனை வரை, பிறகு ஒரு கிலோமீட்டர். போய்ச் சேரும் இடம் மைதானமாகவோ விளையாடும் இடமாகவோ இருக்கட்டும். கொட்டாவி, உதட்டை நக்குவது, எச்சில், நிலைகொள்ளாத தவிப்பு இவற்றில் ஏதாவது தென்பட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டால் பழக்கியதில் பாதி வீண்.

புறப்படுவதற்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். "பாவம், வெறும் வயிறா" என்று கிளம்பும்போது வைக்கும் பால் சோறுதான் பாதி வழியில் சீட்டில் கிடக்கும். சிறு குட்டிகளை மட்டும் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது. சர்க்கரை அளவு இறங்கிவிடும். தண்ணீருக்குத் தடையில்லை.

பின் சீட்டின் நடுவில், முன்னோக்கிப் பார்க்கும்படி உட்கார வைத்து, ஹார்னஸை (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்து இறுகும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். கார் வாசனைத் திரவியத்தை எடுத்துவிடுங்கள். மனிதருக்கே குமட்டும், நாயின் மூக்குக்குச் சொல்லவா வேண்டும்?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. சமவெளியில் சமாளிக்கும் நாயும் இங்கே தடுமாறும். வளைவில் வேகத்தைக் குறைத்து, இடையிடையே நிறுத்தி நடக்கவிடுங்கள்.

மலைப் பயணம் தவிர்க்க முடியாதது என்றால் கால்நடை மருத்துவரிடம் மாரோபிட்டன்ட் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண வாந்திக்கு எடைக் கிலோவுக்கு 2 மி.கி. தரும் இந்த மாத்திரை, பயண வாந்திக்கு 8 மி.கி. தேவை, 10 கிலோ நாய்க்கு 80 மி.கி. வாந்திக்கு எழுதிய பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துக் கொடுத்தால் வேலை செய்யாமல் போவது இதனால்தான். புறப்பட 2 மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும். தொடர்ந்து 2 நாளுக்கு மேல் கூடாது. 16 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. நாம் போடும் மாத்திரையை அளவு குறைத்துக் கொடுக்கும் வேலையே வேண்டாம்.

இதுவரை நன்றாகப் பயணித்த வளர்ந்த நாய் திடீரென வாந்தி எடுத்து, தலையையும் ஒரு பக்கம் சாய்த்தால், பழக்குவதை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள்.