திறக்க வராத சிற்றுண்டிப் பெட்டி: என் அனுபவம்

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் சிற்றுண்டி பல நாட்களாகத் தொடப்படாமலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. மகளிடம் காரணம் கேட்டால் "சாப்பிடலை" என்பதற்கு மேல் பதில் வராது. சுவையில்தான் குறை என்று நினைத்து, வேகவைத்த கேரட்டுக்குப் பதில் சோளமணிகளையும் பிறகு கொண்டைக்கடலையையும் வைத்துப் பார்த்தேன். உப்பைக் குறைத்தேன், அளவைப் பாதியாக்கினேன். எதுவும் பலிக்கவில்லை.

ஆப்பிள் துண்டுகள் வைத்த நாட்களில் பெட்டி காலியாக வந்ததால், இனிப்புக்குத்தான் மவுசு என்று முடிவு கட்டியிருப்பேன். ஆனால் வெள்ளரிக்காயும் மிச்சமில்லாமல் போயிருந்தது.

ஒரு மாலை, மீந்த கடலையைக் கொட்டுவதற்காக மூடியை நெம்பியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது. மூடியின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. சிலிக்கோன் வளையம் பொருத்திய மூடியைச் சூட்டோடு அழுத்தி மூடினால், உள்ளிருக்கும் நீராவி ஆறும்போது நீராக மாறி அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியை இறுக்கிவிடுகிறது. பிஞ்சு விரல்களுக்கு அது அசைந்துகொடுக்காது.

இப்போது வேகவைத்ததை அகலமான தட்டில் பரப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகே பெட்டியில் இடுகிறேன். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், பையில் ஒரு குளிர்பொதியும் உண்டு. அன்றிலிருந்து கடலையும் தீர்ந்தே வருகிறது, பெரிய நிம்மதி.