கவட்டுப் படையும் எட்டு மாதம் நான் பூசிய டியூப்பும்

முன்பக்க என்ஜின் பஸ் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது தொடைக்குப் பக்கத்தில் பானெட் அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழே ரெக்சின் சீட், மேலே காக்கி பேன்ட், உள்ளே இறுக்கமான ஜட்டி. சித்திரை வெயிலில் மதுரையில் வண்டியை எடுத்து ராமநாதபுரத்தில் இறங்கினால், நான் உட்கார்ந்த இடம் சீட்டில் ஈரமாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் இப்படி ஓட்டினவனுக்குக் கவட்டில் படர்தாமரை என்ற பூஞ்சைப் படை வந்ததில் ஆச்சரியமில்லை. அதை எட்டு மாதம் நானே வளர்த்ததுதான் கொடுமை.

முதலில் தொடை இடுக்கில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு வட்டம். ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்திருந்தது. டாக்டரிடம் அவிழ்த்துக் காட்டக் கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒண்ணு குடுப்பா" என்றேன். டியூப் வந்தது. இரண்டே நாளில் அரிப்பு நின்றது. பூசுவதை நிறுத்தினேன், நாலாம் நாள் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினேன். எட்டு மாதத்தில் படை இடுப்பு வரை ஏறிவிட்டது. தொடைத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து சிவப்புக் கோடு விழுந்தது.

கடைசியில் போன தோல் டாக்டர், டியூப்பின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே க்ளோபெட்டாசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு. "இது அரிப்பை அமுக்கிடும் அண்ணே, பூஞ்சைக்குச் சோறு போடும்" என்றார். பூசுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கேட்டால் கொடுக்கிற கடைகள் இன்றும் உண்டு. அதனால் டியூப் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால், டாக்டர் சொல்லாமல் கவட்டில் வைக்காதீர்கள். அந்த இடத்துத் தோல் மெல்லியது. மருந்தை வெகுவாக உறிஞ்சும்.

டாக்டர் தந்த பூஞ்சை மருந்தைப் படையின் மேல் மட்டுமல்ல, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை சேர்த்துப் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம். நம்மில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

இனி தினசரி வேலை. டியூட்டி முடிந்ததும் குளியுங்கள். கவட்டுக்குச் சாதாரண சோப்பு போதும், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆண்குறிக்குத் தண்ணீரே போதும். எங்கள் டிப்போவில் ஒருத்தர் கிருமி போகட்டும் என்று, தரை கழுவுகிற கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் விதைப்பையில் ஊற்றிக்கொண்டார். மூன்று நாள் காலை அகட்டித்தான் நடந்தார், தோல் உரிந்துபோனது.

கழுவுவதைவிடத் துவட்டுவது முக்கியம். பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் சூடும். தனித் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு லுங்கி மட்டும் கட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம். ஈரத்தின் மேல் பவுடர் கொட்டினால் அது களியாகி மடிப்பில் அப்பிக்கொள்ளும். காலில் சேற்றுப்புண் இருந்தால் முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. மாற்றிப் போட்டால் காலில் இருக்கிற பூஞ்சை ஜட்டி வழியாக மேலே ஏறும். கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விஷயம் உண்மை.

ஜட்டி பருத்தியில், தளர்வாக. நீண்ட டியூட்டி என்றால் பையில் இன்னொன்று வையுங்கள், பாதியில் மாற்றலாம். படை இருக்கும்போது உங்கள் துணியை வீட்டார் துணியோடு ஊறப்போடாதீர்கள். வெந்நீரில் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். முடியை வழிக்க வேண்டாம். ரேசர் பட்ட இடத்தில் கொப்புளம் வரும். கத்தரித்துவிட்டால் போதும்.

முன்தோலைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே சேர்ந்திருக்கும் வெள்ளை மாவைத் தண்ணீரில் கழுவி, ஒற்றி, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னாலேயே விட்டால் கழுத்தை இறுக்கின மாதிரி வீங்கிவிடும். திரும்பவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சின்னப் பையன்களுக்கு வலுவாகத் தள்ளவே கூடாது. வளர வளரத் தானாக விலகும்.

முன்தோல் சிவந்து, நுனியில் வெடிப்பு விட்டு எரிகிறதா? சுகர் பாருங்கள். என் மச்சானுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சுகருக்கு டப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் இந்தத் தொல்லை கூடுதல். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ராத்திரியில் அரிப்பு உச்சத்துக்குப் போய், விரல் இடுக்கிலும் குறியிலும் பொரிப்பொரியாக இருந்தால் அது பூஞ்சையில்லை, சொறி. அதற்கு மருந்து வேறு. வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி பூச வேண்டும். குறியில் புண், சீழ் ஒழுகல் என்றால் தாமதிக்காதீர்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் விடியட்டும் என்று படுக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.

டாக்டர் கடைசியாக என் அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கறுப்புக் கயிறு. காலையில் குளித்தது, மத்தியானமும் ஈரம் காயவில்லை. அதன் அடியிலேயே படை ஓடியிருந்தது. "இதைக் கழட்டுங்க." அம்மாவிடம் சொன்னதும், "ஆம்பளை இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாதுடா" என்று சண்டை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பழைய வெள்ளிக் கொலுசைத் தட்டானிடம் கொடுத்து அரைஞாணாக்கிக் கொண்டுவந்தாள். குளித்ததும் அதையும் ஒரு துடை துடைத்துவிடுகிறேன்.